ஷெல் இல்லை, பெல்ட்

பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 றோட்டோரம் ஒரு தேத்தண்ணிக் கடை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்த அண்ணைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. வன்னியில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேள்வி மட்டும் எல்லாருடைய வாயிலும் ஒன்றுதான். நானும் அதையே கேட்டேன்.

"கடைசிச் சண்டையிலயோ அண்ணை?"

இடக்கையால் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இல்லைத் தம்பி. ஷெல் இல்லை, பெல்ட். மில்லு பெல்ட். ஷெல்லெண்டா சனம் பாவம் எண்டு சொல்லும். இதுக்கு, கவனமில்லாமல் நிண்டிருப்பான் எண்டு சொல்லிப்போட்டுப் போகும்."

அந்தக் 'கவனமில்லாமல்' என்ற சொல் அன்றிலிருந்து என்னைக் குடைகிறது. மில்லில் கை போனாலும், மரம் அரிகிற இடத்தில் விரல் போனாலும், நெல்லு வெட்டுகிற மெசினுக்குள் கால் போனாலும் ஊர் முதலில் சொல்வது அதைத்தான். முதலாளி சொல்கிறார், பக்கத்தில் நின்றவன் சொல்கிறான், சில வேளை கை போனவனே சொல்கிறான். எங்கள் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எண்பது வருடத்துக்கு மேல் பழைய சட்டம்தான், ஆனால் இந்த விசயத்தில் அது ஊரைவிட நியாயமாக யோசித்திருக்கிறது.

இலங்கையில் வேலைத்தள இயந்திரங்கள் பற்றிய முதன்மையான சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அச்சில் வார்த்தது. இடையிடையே திருத்தங்கள் வந்தாலும் எலும்புக்கூடு அதேதான். இதற்குப் பதிலாக எல்லா வேலைத்தளங்களையும் தழுவிய புதிய சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. 2009இல் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஒரு தேசிய நிறுவகமும் அமைத்தார்கள். அது பயிற்சிக்கும் ஆய்வுக்குமான இடம். ஆலைக்குள் வந்து மெசினைப் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்லும் அதிகாரம் இன்றும் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளரிடம்தான் இருக்கிறது.

'தொழிற்சாலை' என்றதும் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, இல்லாவிட்டால் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை. பெரிய புகைக்கூண்டு, சங்குச் சத்தம், வாசலில் காவல். சட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. கூலிக்கு ஆள் வைத்து, வியாபாரத்துக்காக, ஒரு பொருளைச் செய்கிற, மாற்றுகிற, திருத்துகிற, துப்புரவாக்குகிற, விற்பனைக்கு ஆயத்தப்படுத்துகிற இடம் என்றால் அது தொழிற்சாலை. அப்படிப் பார்த்தால் நெல்லு மில், மிளகாய்த்தூள் அரைக்கிற மில், மரம் அரிகிற ஆலை, தச்சுப் பட்டறை, வெல்டிங் கடை, கராஜ், ஐஸ் ஆலை, கல்லு உடைக்கிற கிறசர் எல்லாம் அதற்குள் வந்துவிடும். தகரக் கொட்டிலில் ஒரே ஒரு பொடியனைச் சம்பளத்துக்கு வைத்து நடத்துகிற லேத் பட்டறையும் வரும். 'எங்கட சின்ன இடம், எங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை' என்று மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் நான் கேட்ட அளவுக்கு வேறெதையும் கேட்டதில்லை. பிழையான எண்ணம்.

பொறுப்பு யாருக்கு? மெசின் யாருடைய பெயரில் இருக்கிறது என்று சட்டம் முதலில் பார்ப்பதில்லை. அந்த இடத்தை யார் நடத்துகிறார் என்றுதான் பார்க்கிறது. மில்லைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறீர்கள் என்றால், 'சொந்தக்காரர் கனடாவில, அவர்தான் கவர் போடோணும்' என்று சொல்லித் தப்ப முடியாது.

சட்டத்தின் மையச் சொல் வேலி. ஆங்கில மூலத்திலும் அதே கருத்துள்ள சொல்தான் இருக்கிறது. எஞ்சினோ மோட்டரோ, அதாவது விசை பிறக்கிற இடத்தின் அசையும் பாகங்களும் அதன் பெரிய சில்லும் உறுதியாக வேலியிடப்பட வேண்டும். விசையைக் கடத்துகிற சாப்ட் என்ற சுழல் தண்டு, புளி என்ற பெல்ட் ஓடுகிற சில்லு, பெல்ட், செயின், கியர் எல்லாம் வேலியிடப்பட வேண்டும். மற்ற எந்த மெசினிலும் ஆபத்தான பாகம் என்று ஒன்று இருந்தால் அதுவும் வேலியிடப்பட வேண்டும். ஒரு விலக்கு உண்டு: யாருக்கும் எட்டாத உயரத்திலோ மறைவிலோ இருந்து, வேலி போட்டதற்குச் சமமான பாதுகாப்பு தானாகவே அமைந்திருந்தால் தனியாகப் போடத் தேவையில்லை. வேலி சும்மா பெயருக்கு நிற்கக்கூடாது. பலமாக இருக்க வேண்டும், பேணப்பட வேண்டும், பாகம் ஓடுகிற நேரமெல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும்.

வேலி பற்றி வன்னிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கதியால் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, காலபோகம் தொடங்குமுன் வேலியை அடைத்து முடிக்கிறோம். ஏன்? கட்டாக்காலி மாடு வரும் என்று தெரியும். மாடு கவனமாக வரம்பில் நடந்து போகும் என்று நம்பி யாரும் வேலியைத் திறந்து விடுவதில்லை. பயிர் போன பிறகு 'மாடு கவனமில்லாமல் உள்ளுக்கு வந்திட்டுது' என்றால் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் சிரிப்பார்கள். 1942ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனின் கையை அந்தக் கண்ணால்தான் பார்க்கிறது. கை போகும். களைத்த கை போகும், பழகிய கை இன்னும் விரைவாகப் போகும். போகாதபடி அடை.

இது என் வியாக்கியானம் மட்டுமல்ல. இதே சொற்கள் இருந்த சட்டத்தை வைத்துப் பிரித்தானிய நீதிமன்றங்கள் ஒரு தலைமுறைக் காலம் வழக்குக் கேட்டிருக்கின்றன. ஒரு பாகம் ஆபத்தானதா என்று பார்க்கும்போது, கவனமான தொழிலாளியை மட்டும் மனதில் வைத்தால் போதாது என்று 1930களிலேயே சொல்லிவிட்டார்கள். மனிதர் சாதாரணமாக எப்படியெல்லாம் நடந்துகொள்வார்களோ அதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும், அதில் கவனக்குறைவும் அடங்கும். 1955இல் பிரபுக்கள் சபை, அதாவது அன்றைய பிரித்தானியாவின் அதியுயர் நீதிமன்றம், ஒரு அரவைக் கல் வழக்கைக் கேட்டது. கல்லை முழுதாக மூடினால் அதைப் பயன்படுத்தவே முடியாதே என்று ஆலை வாதிட்டது. முடியாவிட்டால் அது வேறு பிரச்சினை, உறுதியான வேலி என்பது உறுதியான வேலிதான் என்று தீர்ப்பு வந்தது. செய்ய வசதியில்லை என்பது அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு பதிலே அல்ல.

இன்னொரு வழக்கை எந்த மில்காரரிடம் சொன்னாலும் முகட்டைப் பார்ப்பார். 1965இல் தீர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் ஒரு சீமெந்து ஆலையில் ஒரு தொழிலாளி தனக்கு வேலையே இல்லாத தூசி உறிஞ்சும் பகுதிக்குள் ஏறினார். எதற்கு? ஒரு புறாவைப் பிடிக்க. சுழன்ற சாப்டில் உடுப்புச் சிக்கி ஒரு கை போனது. வேலை நேரத்தில் புறா பிடிக்கப் போனவனுக்கு எங்கள் ஊரில் யாராவது ஒரு சதம் கொடுப்பார்களா? நீதிமன்றம் பிழையை இரண்டாகப் பிரித்தது. நூற்றுக்கு 80 பங்கு அந்த மனிதரின் முட்டாள்தனம். ஆனால் சாப்டுக்கு வேலி இல்லாததும் சட்ட மீறல்தான், மிச்சம் 20 பங்கு ஆலையுடையது. அவர் புறாவுக்குப் போனாரா புகைக்கப் போனாரா என்பதால் வேலி போடும் கடமை அழிந்துபோகாது. அந்தத் தீர்ப்புகள் எங்கள் நீதிமன்றத்தைக் கட்டாயம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சட்டத்தின் வசனம் அங்கிருந்து வந்தது என்றால் அதன் பொருளைத் தேடியும் அங்கேதான் போவார்கள். புறா இல்லாத நெல்லு மில் வன்னியில் ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

கவனம் ஏன் போதாது என்பதற்கு நீதிபதியும் வேண்டாம், ஒரு சின்னக் கணக்குப் போதும். மில்லில் ஓடுகிற சாதாரண மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று. ஒரு விநாடிக்கு 24. கையில் எதுவோ பட்டது என்று மூளை உணர்ந்து கையை இழுக்கக் கால் விநாடியாவது வேண்டும். அதற்குள் சாப்ட் ஆறு முறை சுற்றிவிடும். சாரத் தலைப்போ, சட்டைக் கையோ, பின்னலோ ஆறு சுற்றுச் சுற்றிய பிறகு நீங்கள் எவ்வளவு கவனமானவர் என்பதில் யாருக்கும் அக்கறையில்லை.

போன மாரியில் ஒரு மில்லுக்கு நெல்லுக் குத்தப் போனேன். ஊர் வேண்டாம். மெயின் மோட்டரிலிருந்து மேலே போகிற பெல்ட் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கவர் இல்லையா என்றால், இருந்தது. நல்ல கோண இரும்புச் சட்டம், கம்பி வலை, பச்சைப் பெயின்ட். சுவரோரம் சாத்தி, அதன் மேல் நனைந்த சாக்குக் காயப் போட்டிருந்தார்கள். மில் நடத்துகிறவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மாரிக்கு ஈரத்தில பெல்ட் வழுக்கும் தம்பி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா இறுக்கோணும். கவரில எட்டு நட்டு. கழட்டிப் பூட்ட அரை மணித்தியாலம். லைன்ல சனம் நிக்குது." கிட்டப் போய்ப் பார்த்தேன். எட்டில் நான்கு நட்டு ஏற்கனவே இல்லை. இரண்டு துருப்பிடித்து ஸ்பானர் வழுக்கி வட்டமாகிவிட்டது.

அந்த மனிதர் சட்டத்தை மீறுகிறார், அதில் சந்தேகமில்லை. பாகம் ஓடுகிறபோது வேலி இடத்தில் இருக்க வேண்டும். ஓடவிட்டே பார்க்கவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ வேண்டிய உடனடித் தேவை வந்தால்தான், பயிற்றப்பட்ட வளர்ந்த ஒருவர் கிட்டப் போக சட்டம் இடம் வைக்கிறது. லைனில் சனம் நிற்பது அந்தத் தேவைக்குள் வராது. ஆனால் அவரைக் கெட்டவராகவும் நான் பார்க்கவில்லை. கழற்றக் கஷ்டமான கவர் ஒருநாள் கழற்றப்பட்டுத் திரும்ப வராது. அந்தக் கவரின் இரும்புச் சட்டகத்துக்கு ஒரு பக்கம் இரண்டு பிணைச்சல் அடித்து, மறுபக்கம் ஒரு கொளுக்கி வைத்திருந்தால் கதவு மாதிரித் திறந்து மூடலாம். மோட்டரை நிறுத்தி, இறுக்கி, மூடி, திரும்ப ஓட்டப் பத்து நிமிடம். பக்கத்து வெல்டிங் கடையில் ஒரு பின்னேர வேலை.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வன்னியின் மெசின்காரர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதை மறந்து இந்தச் சட்டத்தைப் பேசினால் அது வெறும் கொழும்புப் பேச்சாகிவிடும். போரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எரிபொருள் வராது, உதிரிப்பாகம் வராது, பற்றரி வராது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. பெற்றோலை ஒரு சொட்டுக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். உடைந்த ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பூட்டி எப்படியோ ஓட்டிவிடுகிற அந்தக் கை உண்மையில் பெரிய கை. ஆனால் அந்தப் பள்ளியில் சொல்லித் தராத ஒரு பாடம் உண்டு. மெசின் ஓடுவதற்குத் தேவையில்லாத பாகமும் மெசினின் பாகம்தான். கவர் இல்லாமலும் மெசின் ஓடும். அதனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் அதன் தகரம் கூரைக்குப் போனது, இரும்பு வேறொன்றுக்குப் போனது. 2009இல் போர் முடிந்த பிறகு மின்சாரம் வந்தது, லீசிங்கில் புது மெசின் வந்தது. பழக்கம் மட்டும் பழையது.

இரும்பு வெட்டுகிற கைக் கிரைண்டரைப் பாருங்கள். வன்னியில் வீட்டுக்கு வீடு மண்வெட்டி இருக்கிற மாதிரி இப்போது கிரைண்டர் இருக்கிறது. நாலு இஞ்சி கிரைண்டர் வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று. அதற்குரிய தட்டில் அந்த வேகத்துக்குத் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். ஏழு இஞ்சித் தட்டில் 8,500 சுற்று அளவில்தான் அச்சடித்திருக்கும். ஆழமாக வெட்டலாம் என்று ஏழு இஞ்சித் தட்டை நாலு இஞ்சி மெசினில் பூட்டுகிறார்கள். பூட்டுவதற்குக் கவர் தடையாக நிற்கும், ஆகவே கவரைக் கழற்றுகிறார்கள். தட்டின் விளிம்பு தாங்க வேண்டியது விநாடிக்கு 80 மீற்றர், இப்போது அது 100ஐத் தாண்டி ஓடுகிறது. வெடிக்கிற தட்டின் துண்டு எங்கே போகும் என்பதைக் கவர்தான் தீர்மானித்திருக்க வேண்டும், கவரோ மேசைக்கு அடியில் கிடக்கிறது. மரம் வெட்டுகிற பல்லுத் தட்டைக் கிரைண்டரில் பூட்டுவது இதையும்விட மோசம். அதை ஒரு பட்டறை முதலாளி தன் பொடியனிடம் கொடுத்து வேலை வாங்கினால் விபத்துக்குப் பிறகு எந்த வக்கீலாலும் அவருக்குப் பேச முடியாது.

பொடியன் என்றதும் வயதுக் கதையும் வருகிறது. பிள்ளைகளையும் இளம் ஆட்களையும் வேலைக்கு வைப்பது பற்றிய சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தோடு இலங்கையில் வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 16. அதற்கு மேல் 18 வரைக்கும் ஆபத்தான தொழில்கள் என்று ஒழுங்குவிதிகளில் பட்டியலிட்டவற்றில் வைக்கக்கூடாது. ஆபத்தான மெசினில் இளவயதினரை விடுவதாக இருந்தால் ஆபத்தைச் சொல்லிக் கொடுத்து, போதிய பயிற்சியோ தெரிந்தவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டமும் கேட்கிறது. ஓ.எல். எழுதிவிட்டு நிற்கிற மருமகன் 'சும்மா நிண்டு பழகட்டும்' என்று மரம் அரிகிற ஆலைக்கு வருவது இந்த இரண்டு சட்டத்தோடும் முட்டுகிறது. உறவு இதற்கு விலக்கல்ல.

கொதிகலன் உள்ள இடங்களுக்கு இன்னொரு அடுக்குக் கடமை. நெல்லை அவித்துப் புழுங்கல் எடுக்கிற பெரிய மில்களில் உமி எரித்து நீராவி எடுக்கிறார்கள். அந்தக் கலனுக்குப் பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி, உள்ளே தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய் வேண்டும், தண்ணீர் குறைந்தால் எச்சரிக்க ஒரு வழி வேண்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை, இதற்கென அதிகாரம் பெற்றவர் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். கராஜில் சில்லுக்குக் காற்றடிக்கிற கொம்பிறசரின் தாங்கியும் இந்த வகைதான், அதைப் பலர் யோசிப்பதே இல்லை. செயின் புளொக், கயிறு, ஜாக் போன்ற பாரம் தூக்குகிற சாமான்களுக்கு எவ்வளவு தாங்கும் என்ற அளவு தெரிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது, அவையும் காலத்துக்குக் காலம் பார்க்கப்பட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கூரைக்குக் கீழே. வன்னியின் பெரிய மெசின்கள் கூரைக்குக் கீழே இல்லை, இரணைமடுவுக்குக் கீழும் முத்தையன்கட்டுக்குக் கீழும் வயலில் நிற்கின்றன. சட்டத்தின் ஓட்டை இங்கேதான்.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெயருக்கேற்றபடி தொழிற்சாலையைப் பார்த்து எழுதியது. கட்டட வேலைகள் வரை அதன் கை நீள்கிறது. வயல் வரை நீளவில்லை. மில் வாசலில் நிற்கிற அதே பெல்ட், அதே புளி, வயலில் சூடடிக்கிற மெசினில் ஓடும்போது பரிசோதகப் பொறியியலாளர் வருவதில்லை. உழவு இயந்திரத்தின் பின்னாலிருந்து மெசினுக்கு விசை கொடுக்கிற பி.ரி.ஓ. சாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு ஒன்பது. புதிதாக வரும்போது அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் உறை இருக்கும். இரண்டாம் போகம் அந்த உறையைக் கண்ட உழவு இயந்திரம் அரிது. அறுவடைக் காலத்தில் இரவு இரவாக வேலை, மழை வருமோ என்ற அவசரம், ஏக்கர் கணக்குக் கூலி. வெட்டு மெசினில் வைக்கோல் அடைத்தால் எஞ்சினை நிறுத்தாமல் கையாலோ காலாலோ தள்ளுகிறார்கள். நிறுத்தி, திறப்பைக் கழற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு இறங்குகிற சாரதி ஒருவரை நான் கண்டிருக்கிறேன். ஒருவரைத்தான்.

வயல் மெசினுக்குச் சட்டம் போட முடியாது என்பதல்ல. தொழிற்சாலைச் சட்டத்தை எங்களுக்குத் தந்த அதே இங்கிலாந்து 1878இலேயே சூடடிக்கும் இயந்திரங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. கதிர் ஊட்டுகிற வாயும் உருளையும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் பஞ்சாப், ஹரியானாப் பக்கம் பசுமைப் புரட்சியோடு வந்த சூடடிக்கும் மெசின்கள் ஏராளம் கைகளை எடுத்த பிறகு, 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்தது. அது பிரச்சினையை இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பிடித்தது. விவசாயியை மட்டும் துரத்தாமல், மெசினைச் செய்கிறவனும் விற்கிறவனும் பாதுகாப்போடு விற்க வேண்டும் என்றது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. விசுவமடுவில் ஒரு கமக்காரர் வீட்டுக்கு அதிகாரி அனுப்புவது நடக்காத காரியம். மெசின் கொள்கலனில் வந்து இறங்குகிற துறைமுகத்திலும், லீசிங் கொடுக்கிற மேசையிலும் உறை இருக்கிறதா என்று பார்ப்பது நடக்கக்கூடியது.

வயலுக்கு வராத சட்டம் ஒன்று என்றால், வயலுக்கும் வருகிற சட்டம் ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் விபத்து நடந்தால் தொழில்கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும். அவர் பிழை செய்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. அவருடைய தொழிலுக்காக வேலை செய்தவர் என்றால் நாட்கூலியும் அடங்கும், மில்லா வயலா என்பதும் பிரச்சினையில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தோடு அதியுயர் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவுக்கு உயர்ந்தது. கைக்கு எவ்வளவு, விரலுக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. சம்பளமும் உழைக்கும் வலு எவ்வளவு போனது என்பதும் சேர்ந்து தொகையைத் தீர்மானிக்கும்.

'கவனமில்லாமல்' என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையா? மிகச் சிறிய இடம் இருக்கிறது. வெறியிலோ போதையிலோ இருந்ததால் நேரடியாக விபத்து நடந்திருந்தால், பாதுகாப்புக்கென்று சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புக் கவசம் என்று தெரிந்தும் வேண்டுமென்றே அதைக் கழற்றியிருந்தால், காயத்துக்கு நட்டஈடு மறுக்கலாம். உயிர் போயிருந்தால் இந்த வாதங்களும் உதவாது. 'வேண்டுமென்றே' என்பதைக் கவனியுங்கள். தூக்கக் கலக்கமும் அவசரமும் பழக்கமும் வேண்டுமென்றே அல்ல. கவர் போடாமலே மாதக்கணக்கில் மெசினை ஓடவிட்டவர், கவர் இல்லாததைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது. மறுபுறம், பூட்டியிருந்த கவரை முதலாளி வேண்டாம் என்றும் கேளாமல் தானே கழற்றிய தொழிலாளிக்கு இந்தச் சட்டமும் கை கொடுக்காது. தொழிற்சாலைச் சட்டத்திலும், பாதுகாப்புக்கு வைத்ததைக் குழப்பாமல் பயன்படுத்துவது வேலை செய்கிறவரின் கடமையாக எழுதியிருக்கிறது.

ஊரில் நடக்கிற பேரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, கையில் ஒரு தொகை, 'இனி ஒரு பிரச்சினையும் இல்லை' என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து. கை போயிருந்தால் பெருவிரல். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதுகிற ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. மரணம் என்றால் பணத்தை மனைவியின் கையில் நேரே கொடுத்தாலும் கணக்கில் வராது. நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும், அவர்தான் இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். இதைத் தெரியாமல் நல்ல மனதோடு கொடுத்துவிட்டு இரண்டாம் முறையும் கட்ட வேண்டி வரலாம் என்பதால், முதலாளிமாரும் தெரிந்துகொள்வது நல்லது.

விபத்தால் உயிர் போனாலோ, காயப்பட்டவர் மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையைச் செய்து முழுச் சம்பளம் எடுக்க முடியாமல் போனாலோ, தொழிற்சாலையை நடத்துபவர் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், பதிவேட்டிலும் எழுத வேண்டும். இது நடப்பது குறைவு. நடக்காதபோது மிஞ்சுகிற ஒரே எழுத்து ஆஸ்பத்திரித் துண்டுதான். எங்கே, எந்த மெசினில், எப்படிக் காயம் என்று அனுமதிக்கும்போது கேட்டு எழுதுவார்கள். பிறகு நட்டஈடு கேட்டுப் போகும்போது எல்லாரும் முதலில் கேட்பதும் அதைத்தான்.

தேத்தண்ணிக் கடை அண்ணையிடம் நானும் கேட்டேன். அந்தத் துண்டை இன்னமும் பொலித்தீன் பையில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறாராம். மில்லிலிருந்து வான் பிடித்து ஏற்றிக்கொண்டு போனவர்கள், வழியில், பொலிஸ் கேஸாகும், மில்லைப் பூட்டுவாங்கள், உன்ர வேலையும் போயிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் பாதி மயக்கத்தில் தலையாட்டியிருக்கிறார். மற்றக் கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, துண்டில் எழுதியிருப்பதை மனப்பாடமாகச் சொன்னார்: வீட்டில், தண்ணி இறைக்கிற மெசினில் பட்டது.

"எங்கட வீட்டில அந்த நேரம் கிணறே இல்லைத் தம்பி" என்றார்.